ஒரு முழுச் சுற்று

வட்ட ரம்பம் ஆடினால் உடனே மெஷினை நிறுத்து என்பதுதான், மரவேலை மெஷினில் நிற்க வருபவனுக்கு முதல் நாள் சொல்லப்படுவது. எங்கள் பட்டறையில் ஒரு ரம்பம் இருந்தது. அது ஆடினால்தான் வேலை நடக்கும். ஆடாமல் நேராகச் சுற்றினால் மாட்டியவன் எங்கோ தப்பு செய்திருக்கிறான் என்று பொருள்.

பொம்மசந்திராவில் மேசை, அலமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் சுந்தரம், நான் ஓய்வு பெறும் முன் கடைசிச் சில வருடங்களில் என்னோடு வேலை பார்த்தவர். அவருடைய ஆட்கள் பலகையை மேடையில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். காடி என்கிற பள்ளம் தானாக விழுந்துவிடுகிறது. "ஆடுற ரம்பத்துல காடி எடுத்தீங்கன்னு சொன்னா பசங்க நம்ப மாட்டேங்கிறாங்க சார். எழுதிக் குடுங்க, நம்ம தொழிலாளர் மலர்ல போடறோம்" என்றார். காடி எடுத்ததைப் பற்றி எழுதினால் ஒரு புதன்கிழமையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நான் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பதைக் கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அதை நம்பி இருந்த பல வீடுகளில் வேலை போயிற்று. எங்கள் வீடும் அதில் ஒன்று. அல்சூர் பக்கம் இருந்த ஒரு பர்னிச்சர் பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் உப்புத்தாள் தேய்த்தேன். ஒரு வருடம் வஜ்ஜிரப் பசை காய்ச்சினேன். பிறகு இழைப்பு மெஷின், துளை மெஷின். ஐந்தாவது வருடம் வட்ட ரம்பத்துக்கு செட்டிங் செய்பவனாக ஆனேன். பயிற்சி என்று சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை.

அந்த ரம்ப மேடை பட்டாளத்தின் பழைய சாமான் ஏலத்தில் வந்தது. மேடையோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு தடித்த ரம்பமும் நான்கு இரும்பு வளையங்களும் இருந்தன. வளையங்கள் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அவற்றை ரம்பத்தின் இரு பக்கமும் வைத்து இறுக்கினால் ரம்பம் தண்டில் நேராக நிற்காது, சாய்ந்து நிற்கும். சாய்ந்த தட்டு சுற்றும்போது விளிம்பு வலதும் இடதுமாக அலைகிறது. சாதாரண ரம்பம் ஒரு கோடு கிழிக்கும் இடத்தில் இது முக்கால் அங்குல அகலத்துக்குப் பள்ளம் வெட்டிவிடும். அந்தப் பள்ளத்தைத்தான் காடி என்போம். அலமாரியின் பக்கப் பலகையில் காடி எடுத்து, அதில் தட்டுப் பலகையின் முனையைச் செருகினால் ஆணி இல்லாமலே தட்டு நிற்கும். வளையத்தில் கோடுகள் போட்டிருக்கும். ஒரு கோடு திருப்பினால் சாய்வு கூடும். காடியின் அகலம் அரை நூல் கூடும். எங்களுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

பட்டாளத்து ஆட்கள் இங்கிலீஷில் அதற்குக் குடிகார ரம்பம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அதை ஓட்டியவர் முனுசாமி அண்ணன். "குடிச்சுட்டு வந்தவனை வின்சென்ட் சார் கேட்டுலயே திருப்பி அனுப்புறாரு. இதுக்கு மட்டும் எண்ணெய் போட்டு, துணி சுத்தி, பெட்டியில படுக்க வெச்சிருக்காரு பாரு" என்பார்.

அதற்கு ஒரு குறை உண்டு. சாய்ந்து சுற்றுவதால் நடுப்பகுதி ஆழமாகவும் ஓரங்கள் மயிரிழை மேடாகவும் வெட்டும். காடியின் அடி தட்டையாக இருக்காது, குழிந்திருக்கும். பலகையை நிறுத்தினால் இரண்டு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து நடுவில் வஜ்ஜிரம் சும்மா கிடக்கும். அதனால் ஒவ்வொரு காடியிலும் உளியால் இரண்டு ஓரத்தையும் சீவிவிட வேண்டும். அப்படிச் சீவியும்கூட, கையால் ஒரு காடி எடுக்கும் நேரத்தில் இதில் ஒரு டஜன் எடுக்கலாம். அதற்காகத்தான் அதை வைத்திருந்தோம்.

போர்மேன் வின்சென்ட் சார் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். யுத்த காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். வெள்ளை டிரில் சட்டை, மேல் பையில் ஒரு மடக்கு அடிக்கோல். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பட்டறையில் ஐந்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. மற்ற பட்டறைகளில் போர்மேன்கள் அதற்கு மேல் கத்துவார்கள். இவர் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிடுவார். ஐந்து மெஷினும் இறங்கி நிற்க அரை நிமிஷம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முழுதும் அடங்கிய பிறகு, வீட்டில் பேசுகிற குரலில், சொல்ல வேண்டியதைச் சொல்வார். முப்பது பேரும் கேட்பார்கள். ஒருவனுக்கு மட்டும் சொல்ல வேண்டியதையும் அப்படித்தான் சொல்வார். "கோபாலு, இந்தப் பலகை எந்தப் பக்கம் முகம்?" அவ்வளவுதான். பலகையின் நல்ல பக்கத்தை மாற்றி வைத்த கோபாலுவுக்கு வேர்த்துவிடும். மெயின் சுவிட்சில் அவர் கை தவிர வேறு கை பட்டதில்லை. தொடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டவில்லை. யாரும் தொடவில்லை.

குடிகார ரம்பத்துக்கு அவர் தனி முறை வைத்திருந்தார். மாட்டுகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் இன்னொருவன். ஒரே ஆள் இரண்டும் செய்யக் கூடாது. மாட்டும் முன்பு அவரே வந்து அந்த மோட்டாரின் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு நான் சாதாரண ரம்பத்தைக் கழற்றுவேன். மேடையில் ரம்பம் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு இரும்புத் தகடு உண்டு, வாய்த்தகடு என்போம். குறுகிய வாய்த்தகட்டை எடுத்துவிட்டு அகல வாய்த்தகட்டை வைத்து நான்கு திருகு முடுக்க வேண்டும். வளையத்தைக் கோட்டுக்கு வைத்து, நட்டை இறுக்கி, ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட வேண்டும். அந்தக் குறி வாயின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி, கீழே போய், பின்னால் ஏறி, மறுபடி முன்னால் வரும்வரை கையால் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்று. நேரான ரம்பத்துக்கு இது தேவையில்லை. ஓர் இடத்தில் உரசவில்லை என்றால் எங்கும் உரசாது. சாய்ந்த ரம்பம் அப்படி இல்லை. முதல் அரைச் சுற்றில் பற்கள் வாயின் வலது உதட்டை ஒட்டிப் போகும். அடுத்த அரைச் சுற்றில்தான் இடது உதட்டுப் பக்கம் வரும். அரையோடு நிறுத்தினால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

சுற்றி முடித்ததும் வின்சென்ட் சார் கேட்பார்: "ஒரு சுத்தா?"

"ஒரு சுத்து சார்" என்பேன்.

பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து ஓட்டுகிறவர் கையில் கொடுப்பார். முனுசாமி அண்ணன் அதைச் செருகி சுவிட்சைப் போடுவார். மூன்று வருடம் இப்படி நடந்தது.

முனுசாமி அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மர்பி டவுனில் எங்கள் வரிசையிலேயே நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு கெட்ட பழக்கம், செட்டிங்கைத் தொடுவார். காடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிட மாட்டார், தானே நட்டைத் தளர்த்தி ஒரு கோடு திருப்பிவிடுவார். வின்சென்ட் சார் இரண்டு முறை மெயினை இழுத்து அவரைக் கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை, "இனி தொட்டா மெஷின்ல நிக்க வேணாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் தொட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை ஒரு கல்லூரி நூலகத்துக்கான புத்தக அலமாரிகள் மேடையில் இருந்தன. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் குடிகார ரம்பத்தை மாட்டினேன். முதல் நாள்தான் பாஷா பாய் மோட்டாருக்குப் புது பெல்ட் போட்டிருந்தார். எங்கள் பட்டறையில் பெல்ட், மோட்டார், ஒயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. புது பெல்ட் இறுக்கமாக இருந்தது. சாக்குத் துணியால் ரம்பத்தைப் பிடித்துச் சுற்றினேன், கை வலித்தது. குறி கீழே போய் மறைந்தது. பாதி வந்திருக்கும். வலது பக்கம் நல்ல இடைவெளி தெரிந்தது. அப்போது சாப்பாட்டு நேரத்துக்கான மில் சங்கு ஊதிற்று. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நானும் சுற்றுவதை நிறுத்தினேன்.

வின்சென்ட் சார் வந்தார். "ஏழுமலை, ஒரு சுத்தா?"

"ஒரு சுத்து சார்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. தினமும் சொல்வது, வாய் சொல்லிவிட்டது. ஆனால் சொல்லும்போது அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதிவிட வேண்டும்.

ஃபியூஸ் கட்டை முனுசாமி அண்ணன் கைக்குப் போயிற்று. எல்லாரும் சாப்பிடப் போனோம். அவர் சீக்கிரம் சாப்பிடுகிறவர். நான் குழாயடியில் டிபன் கேரியர் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே போவதைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போல அவர் மட்டும் உள்ளே இருந்தார். பிறகு மோட்டார் கிளம்பும் சத்தம். இரண்டு மூன்று விநாடியில் இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம், ஒரே ஒரு தடவை, பிறகு கரகரவென்று ஓர் இழுப்பு. ஓடினேன்.

அவர் மேடையை விட்டு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவிட்சை அவரே அணைத்திருந்தார். இடது கண்ணுக்கு ஒரு விரல் அகலத்துக்குக் கீழே கன்னம் கிழிந்திருந்தது. ரம்பத்தில் ஒரு பல் இல்லை. அந்தப் பல் பின்னால் இருந்த தேக்குப் பலகையில் பாதி புதைந்திருந்ததைப் பிறகு எடுத்தோம். "கண்ணு தெரியுதாடா பாரு" என்று என்னைக் கேட்டார். அவர் கண் தெரிகிறதா என்று அவரேதான் சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. நான் கையைப் பிடித்து விரலைக் காட்டினேன். இரண்டு என்றார். இரண்டுதான்.

ஜட்கா வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் பாஷா பாய் உடைந்த ரம்பத்தை நட்டைத் தளர்த்திக் கழற்றி எடுத்துவிட்டார். வாய்த்தகட்டையும் கழற்றினார். வளையம் எந்தக் கோட்டில் இருந்தது என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை வின்சென்ட் சார் மெயினை இழுத்தார். மெஷின்கள் அடங்கின. அவர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"எத்தனாவது கோட்டுல வெச்சே?"

"நாலாவது சார்."

"சுத்தினே?"

"சுத்தினேன் சார்."

இந்த முறை அவர் "ஒரு சுத்தா?" என்று கேட்கவில்லை. நானும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை. யாரோ பின்னாலிருந்து, "நட்டைத் திருப்பாம முனுசாமிக்குச் சோறு இறங்காது" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். வின்சென்ட் சார் சிரிக்கவில்லை. மெயினைப் போட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்குப் போனார்.

முதலாளி வந்து பேசினதைப் பாஷா பாய் கேட்டுவந்து எங்களிடம் சொன்னார். செட்டிங்கை மாற்றினவனை வைத்துக்கொள்ளக் கூடாது, தையல் பிரித்துவிட்டுத் திங்கட்கிழமை வந்ததும் அனுப்பிவிடு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வின்சென்ட் சார் சொல்லியிருக்கிறார். "ஆஸ்பத்திரியில நான் போய்ப் பாத்தேன். தொடலை பாய், சத்தியமா தொடலைன்றான். இதையேதான் போன தடவையும் சொன்னான். யாரு நம்புவாங்க, சொல்லு" என்றார் பாஷா பாய்.

இங்கே என் மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு நாள் நானும் அவர்தான் திருப்பியிருப்பார் என்று நினைத்தேன். நான் பார்த்தபோது இடைவெளி இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இடைவெளி இல்லை. நடுவில் அவர் மட்டும் பத்து நிமிஷம் தனியாக இருந்தார். கணக்கு சரியாக இருந்தது. எனக்கு வேண்டியபடியும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் அவர் மனைவி பட்டம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். குடம் நிறைந்து வழிந்தது, நகர்த்தவில்லை.

"ஏழுமலை, நீ கிட்டத்தான இருந்தே?"

"இல்ல அண்ணி. நான் சாப்பிடப் போயிருந்தேன்."

"அது அப்புறம். அதுக்கு முன்னால நீதான மாட்டினே? எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப இவருதான் இன்னாவோ பண்ணிட்டாரு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "ஏழு வருஷமா நிக்கிற மெஷினு. தொட்டதுக்குத் தொட்டேன்னு ஒத்துக்கினா மூட்டை தூக்கவாவது வெச்சுக்குவாங்க. ஒத்துக்கோன்னு சொன்னா, 'தொடாததைத் தொட்டேன்னு சொல்லி மூட்டை தூக்கணுமா'ன்னு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லேன் அவருகிட்ட. உன் பேச்சைக் கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். நான் அண்ணிக்குச் சொன்ன பதில்களில் முதலாவது முழு உண்மை. இரண்டாவது, நான் பார்த்த பாதிக்கு உண்மை.

அன்றைக்கே பட்டறைக்குத் திரும்பிப் போனேன். சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை. ஆனால் பாஷா பாய் எண்ணெய் போட இருப்பார். பழைய இரும்பு போடும் டப்பாவில் அந்த வாய்த்தகடு கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடது உதட்டில் மட்டும் பல் அடித்த வெட்டுகள், வரிசையாக ஆறு. வலது உதட்டில் கீறல்கூட இல்லை.

ஒரு கோடு திருப்பியிருந்தால் சாய்வு கூடும். ரம்பம் இரண்டு பக்கமும் ஒரே அளவு அகலமாக அலையும். அகலம் கூடி அடித்தது என்றால் இரண்டு உதட்டிலும் அடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்திருக்கிறது என்றால் அகலம் மாறவில்லை. தகடுதான் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் திருகுத் துளைகள் தேய்ந்து பெரிதாகியிருந்தன. அரை நூல் அளவுக்கு இப்படியும் அப்படியும் நகரும். அதை வைத்துத் திருகு முடுக்கியவன் நான். அது வலப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்ததால்தான் இடது உதடு ரம்பத்தின் பாதைக்கு வந்தது. நான் சுற்றிப் பார்த்தது வலது பாதி. அங்கே இருக்க வேண்டியதைவிட அதிக இடைவெளி இருந்தது. நல்ல இடைவெளி என்று நினைத்தேனே, அது.

"அதுல இன்னா பாக்குறே?" என்றார் பாஷா பாய்.

"சும்மா பாய்."

தகட்டை டப்பாவிலேயே போட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முனுசாமி அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. போனால் ஒத்துக்கொள்ளச் சொல்லுவேன் என்று பட்டம்மா அண்ணி காத்திருப்பார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, வட்ட ரம்பம் தவிர. எட்டேகாலுக்கு முனுசாமி அண்ணன் வந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி. சலவைச் சட்டை போட்டிருந்தார். வேலை செய்ய வந்தவர் போடும் சட்டை அல்ல. தன் மெஷின் பக்கம் போகாமல் வாசலோரம் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கண்ணாடி அறையில் வின்சென்ட் சார் எழுந்து நிற்பது தெரிந்தது. இனி அவர் வெளியே வருவார், மெயினை இழுப்பார், சொல்வார்.

நான் மெயின் பக்கம் நடந்தேன். அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். கைப்பிடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இழுத்தேன்.

மெஷின்கள் இறங்கின. கடைசியாக இழைப்பு மெஷின் நின்றது. தெருவில் ஜட்கா ஒன்று போகும் குளம்புச் சத்தம் கேட்டது. முப்பது பேரும் வின்சென்ட் சாரைப் பார்த்தார்கள். அவர் அறை வாசலில் நின்றிருந்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரு அணைச்சது?" தெரிந்தும் கேட்டார். குரல் எப்போதும் போலத்தான்.

"நான்தான் சார்."

"சொல்லு."

"புதன்கிழமை நான் அரைச் சுத்துதான் சுத்தினேன். ஒரு சுத்துன்னு பொய் சொன்னேன். தகடு ஒரு பக்கமா உக்காந்திருந்துச்சு, நான் பாக்கலை. முனுசாமி அண்ணன் நட்டைத் தொடலை."

பாஷா பாய், "அரே, நான் வேற அவசரமா கழட்டிட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வின்சென்ட் சார் கேட்டார்: "எந்த அரை?"

"வலது சார்."

அவர் அறைக்குள் போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வாய்த்தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு. காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதைப் போல. இடது உதட்டில் ஆறு வெட்டும் தெளிவாக விழுந்திருந்தன. வலது உதடு வெறும் கோடு. கீழே அவர் கையெழுத்தில் கிழமை மட்டும் எழுதியிருந்தது: வியாழன்.

அதாவது வியாழக்கிழமை என்னைக் கேட்டு முடித்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இழுக்காமல் இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை அவர் மெயினை இழுத்து என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"முனுசாமி, சட்டையை மாத்திட்டு வாங்க" என்றார். பிறகு என்னிடம், "உப்புத்தாள்" என்றார். மெயினை அவரே போட்டார்.

முதலாளி என்னை அனுப்பிவிடச் சொன்னதாகவும் செட்டிங் தெரிந்த ஆள் என்று வின்சென்ட் சார் மறுத்ததாகவும் கேள்விப்பட்டேன். எட்டு மாதம் உப்புத்தாள் தேய்த்தேன். புதிதாக வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து தேய்த்தேன். அந்த எட்டு மாதமும், அதற்குப் பிறகும், வின்சென்ட் சார் "ஒரு சுத்தா?" என்று யாரையும் கேட்டதில்லை. ரம்பத்தின் பக்கத்தில் கையைக் கட்டி நின்று, குறி திரும்பி வருவதைத் தானே பார்த்துவிட்டுத்தான் ஃபியூஸ் கட்டையை எடுப்பார். ரம்பத்துக்குப் புதுப் பல் வைத்து, தகட்டின் தேய்ந்த துளைகளுக்குத் தகுந்த பெரிய திருகு போடச் சொன்னார். தன் முறையில் ஓட்டை இருந்தது என்று வாயால் அவர் சொல்லவில்லை. மாற்றிவிட்டார்.

முனுசாமி அண்ணன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் என்னோடு நடந்தார்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்டா" என்றார்.

"ஆமாண்ணே."

"அஞ்சு நாளு. வீட்டுல ஒருத்தி கூட நம்பலை." கொஞ்ச தூரம் போனதும், "பட்டம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ ரெண்டு நாளைக்குக் குழாயடிப் பக்கம் போவாதே. குடத்தாலேயே அடிப்பா" என்றார். சிரிக்கவில்லை. நானும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடி செட்டிங்குக்கு வந்தேன். நான் குடிகார ரம்பத்தை மாட்டி, குறி போட்டு, முழுச் சுற்று சுற்றுவேன். வின்சென்ட் சார் பார்த்துவிட்டு ஃபியூஸ் கட்டையைக் கொடுப்பார். முனுசாமி அண்ணன் அதை மேடையில் வைத்துவிட்டு, சாக்குத் துணியை எடுத்து, என் கண் முன்னால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுவார். "ஒண்ணு" என்று வாய்விட்டு எண்ணுவார். பிறகுதான் செருகுவார். வீட்டில் நல்லது கெட்டதுக்கு இரண்டு குடும்பமும் போய்வந்தோம். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன் நான். பட்டறையில் அந்த ரம்பத்துக்கு மட்டும் அவர் என் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளும் விட்டதில்லை. அவர் செய்தது சரி.

அறுபதுகளில் நகரத்தைச் சுற்றிப் பெரிய சர்க்கார் தொழிற்சாலைகள் ஆள் எடுத்தபோது ஒன்றின் மரவேலைப் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய கடைசி நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூட பெஞ்சுகளுக்குக் காடி எடுக்க வேண்டியிருந்தது. நான் மாட்டினேன். சுற்றினேன். வின்சென்ட் சார் குறி திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு ஃபியூஸ் கட்டையைக் கொடுத்தார்.

முனுசாமி அண்ணன் சாக்குத் துணியை எடுக்கவில்லை. நேராகச் செருகினார். என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே அந்தத் தழும்பு கொஞ்சம் மேலேறியது, அவ்வளவுதான் அவர் முகத்தில் தெரிந்தது. கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.

"இருங்கண்ணே" என்றேன்.

ஃபியூஸ் கட்டையை நானே பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். சாக்குத் துணியை எடுத்து இன்னொரு முழுச் சுற்று சுற்றினேன். குறி முன்னால் வந்து நின்றது. அவர் "ஒண்ணு" என்றார்.